ஜின்களின் வெற்றியும் உழவரின் தோல்வியும்: ஒரு மாய மர்ம நாவலை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

1

துப்பறியும் நாவல்களையும், பேய், மந்திரம், சாபம் முதலியவற்றைப் பொருளாகக் கொண்ட கதைகளையும் பற்றி எமது முற்போக்குத் திறனாய்வு நெடுங்காலமாக ஒரே தீர்ப்பையே வழங்கி வந்துள்ளது. அவை வாசகனை நடைமுறை வாழ்விலிருந்து விலக்கிச் செல்வன. பொழுதுபோக்கை விற்பனைப் பண்டமாக்குவன. ஆதலின் ஆராய்ச்சிக்குரியன அல்ல என்பதே அத்தீர்ப்பாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், பெருந்தொகையான மக்கள் விரும்பி வாசிக்கும் ஓர் இலக்கிய வகையை ஆராயாது ஒதுக்குவது, அதனூடாகப் பரவும் கருத்துநிலையை எதிர்கொள்ளாது விடுவதற்குச் சமமாகும். பெல்ஜிய மார்க்சியச் சிந்தனையாளரான ஏர்ணஸ்ட் மண்டேல் 1984ஆம் ஆண்டில் குற்றப் புனைகதையின் சமூக வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். பூர்ஷ்வா சமுதாயத்தின் வரலாற்றோடு அவ்விலக்கிய வகையின் வளர்ச்சி பிணைந்து கிடப்பதை அந்நூல் எடுத்துக்காட்டிற்று. மண்டேலுக்கு இயன்ற இம்முயற்சி எமக்கு இயலாததன்று.

துப்பறியும் கதையும் மாயப்புனைவும் ஒன்று கலந்த ஒரு வகையை இக்கட்டுரையில் நோக்குவோம். நவீன நகரமொன்றிலே கொலை நிகழ்கின்றது. கொலைக்கருவி கத்தியுமன்று, துப்பாக்கியுமன்று, மந்திரமாகும். ஐயம் முதலிற் பழைய எகிப்தின் மீதே விழுகின்றது. இவ்வமைப்பு ஆங்கிலப் புனைகதையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றுள்ளது. அதன் அண்மைக்கால வெளிப்பாடுகளுள் ஒன்று, பி. ஜெலி கிளார்க் எழுதி 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ மாஸ்டர் ஒஃப் ஜின்' என்னும் நாவலாகும். அமெரிக்காவிற் பிறந்து இளமையின் ஒரு பகுதியை டிரினிடாட்டிற் கழித்தவரான இவ்வாசிரியர், தொழிலால் வரலாற்றுப் பேராசிரியர். ஜெலி என்னும் புனைபெயரோ மேற்காபிரிக்கப் பாடகர்-கதைசொல்லிகளைக் குறிப்பது. நாவலுக்கு நெபியூலா விருது கிடைத்தது. விருதுகளை வைத்து நூலை அளவிடுவது எமது நோக்கமன்று. இத்தகைய நாவலிலே குற்றம் எங்கே இடங்கொள்கின்றது, ஒழுங்கு யாருடைய சார்பில் மீட்கப்படுகின்றது, வரலாற்றை ஆக்குவோராக யார் காட்டப்படுகின்றனர் என்னும் மூன்று வினாக்களே எமக்கு முக்கியமானவை.

2

நாவலை நோக்குமுன் அதன் முன்னோரை நோக்குதல் வேண்டும். 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கடனில் அமிழ்ந்த கெடிவ் இஸ்மாயில் 1875இல் தமது கால்வாய்ப் பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசாங்கத்திடம் விற்றார். மறு ஆண்டில் ஐரோப்பியக் கடன்காரர் எகிப்தின் வருவாயைத் தமது மேற்பார்வையின் கீழ்க் கொணர்ந்தனர். இதற்கெதிராக எழுந்த தேசிய இயக்கத்தை ஒடுக்கும் பொருட்டு 1882 யூலை 11ஆந் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகரைப் பீரங்கியாற் சுட்டழித்தது. செப்டெம்பர் 13ஆந் திகதி டெல் எல் கெபீர் என்னுமிடத்தில் எகிப்தியப் படை முறியடிக்கப்பட்டது. அன்று தொடங்கிய படையிருப்பு 1956ஆம் ஆண்டிலேயே முற்றாக நீங்கிற்று.

எகிப்தை ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னரே, எகிப்து ஆங்கிலேயரைப் பழிவாங்க வருங் கதைகள் ஆங்கிலத்திற் பெருகின என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆதர் கொனன் டொயில் 1892இல் எழுதிய 'லொட் நம்பர் 249' என்னுஞ் சிறுகதையில், ஒக்ஸ்போட் மாணவன் ஒருவன் ஏலத்தில் வாங்கிய பாடம்பண்ணிய பிணத்தை உயிர்ப்பித்துத் தன் பகைவர் மீது ஏவுகின்றான். பிராம் ஸ்ரோக்கர் 1903இல் வெளியிட்ட 'த ஜுவல் ஒஃப் செவன் ஸ்ராஸ்' என்னும் நாவலோ, எகிப்தியத் தொல்பொருட்களைச் சேர்த்து வைத்திருந்த ட்ரெலோனி என்பவர் தமது இலண்டன் வீட்டிலே மர்மமான முறையில் தாக்கப்படுவதுடன் தொடங்குகின்றது. பொலிசார் வருகின்றனர், துப்பு ஆராயப்படுகின்றது, ஈற்றிற் குற்றத்தின் ஊற்று தெரா என்னும் பண்டை அரசியின் சக்தியே எனத் தெரியவருகின்றது. கல்லறையைத் திறந்து பொருளைக் கவர்ந்தவர் அந்நாவலில் 'அறிஞர்'. கவரப்பட்ட பிணமே குற்றவாளி! குற்றத்தின் திசை எவ்வளவு இலகுவாகத் தலைகீழாக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வரிசையில் மிக முக்கியமானது ரிச்சட் மார்ஷ் எழுதிய 'த பீற்றில்' என்பதாகும். 1897இல் நூலாக வெளிவந்த இது, அதே ஆண்டில் வெளிவந்த ஸ்ரோக்கரின் 'டிராகுலா'வை விடத் தொடக்கத்திற் கூடுதலாக விற்பனையாயிற்று. இளமைக்காலத்திற் கெய்ரோவில் ஐசிஸ் தெய்வ வழிபாட்டுக் கூட்டத்தாரிடம் அகப்பட்டுத் தப்பிய போல் லெசிங்ஹாம் பின்னர் புகழ்பெற்ற அரசியல்வாதியாகின்றான். ஆணோ பெண்ணோ எனத் தெளிவுறாததும், வண்டாக உருமாறவல்லதும், பிறர் மனத்தைக் கட்டுப்படுத்தவல்லதுமாகிய ஓர் எகிப்திய உருவம் அவனைத் தேடி இலண்டனுக்கு வருகின்றது. அக்கூட்டத்தார் வெள்ளைப் பெண்களைப் பலியிடுவோராகச் சித்திரிக்கப்படுகின்றனர். குடியேற்ற நாட்டு மக்கள் மீதான அச்சமும் அருவருப்பும் இங்கு ஒரே உருவிற் திரண்டு நிற்கின்றன. எட்வேட் செயித் 1978இல் விளக்கிய கீழைத்தேயவாதக் கருத்துருவாக்கத்திற்கு இந்நாவல் பாடநூலாக அமையத்தக்கது.

ஆயினும் 'த பீற்றி'லின் முதல் அத்தியாயங்களை ஊன்றி வாசிப்போர் வேறொன்றையுங் காண்பர். கதை தொடங்குவது எகிப்திலன்று. இலண்டனின் ஓர் ஏழைவிடுதி வாசலில். வேலையிழந்த எழுதுவினைஞனான றொபேட் ஹோல்ட் பசியோடு ஓரிரவு தங்க இடங் கேட்கின்றான், மறுக்கப்படுகின்றான். மழையில் அலைந்து, திறந்து கிடந்த யன்னல் வழியே ஒரு வீட்டினுள் நுழைகின்றான். அங்கேயே அந்த உருவத்தின் பிடியில் அகப்படுகின்றான். உண்மையான முதற் குற்றம் ஏழைவிடுதிக் கதவு அடைக்கப்பட்டதாகும். அக்குற்றத்தை யாரும் துப்பறிவதில்லை. இலண்டன் நகரின் வறுமை உண்டாக்கிய அச்சத்தை நாவல் தொட்டுவிடுகின்றது. தொட்ட அக்கணமே அதனை எகிப்தின் மீது இறக்கி வைக்கின்றது. மந்திரம் என்பது இங்கே வர்க்கப் பிரச்சினையை மறைக்குந் திரையாகத் தொழிற்படுகின்றது.

3

இவ்விடத்தில் பண்டைய எகிப்தே மந்திரக் குற்றத்தை எவ்வாறு நோக்கிற்று என்பதைச் சுருக்கமாகக் கூறுதல் பயன்தரும். எகிப்தியர் 'ஹெக்கா' என அழைத்த ஆற்றல் சமயத்துக்குப் புறம்பான இருட்கலையன்று. அது உலகைப் படைத்தற்கும் பேணுதற்கும் உரிய சக்தியாகவும், தெய்வமாகவும் கருதப்பட்டது. மருத்துவனும் பூசகனும் அதனைக் கையாண்டனர். ஆயினும், அதனை அரசனுக்கெதிராகப் பயன்படுத்தல் குற்றமாயிற்று. மூன்றாம் றம்சேஸ் மன்னனுக்கெதிராக ஏறத்தாழக் கி.மு. 1155இல் அந்தப்புரத்திலே உருவான சதி பற்றிய விசாரணைப் பதிவுகள் பப்பைரசுச் சுவடிகளில் எஞ்சியுள்ளன. தியே என்னும் அரசி தன் மகன் பென்டவேரை அரியணையேற்ற முயன்றாள். காவலரைச் செயலிழக்கச் செய்வதற்காக மெழுகுப் பாவைகள் செய்யப்பட்டன என்றும், மன்னனின் சொந்த நூற்களஞ்சியத்திலிருந்து மந்திரச் சுவடி ஒன்று பெறப்பட்டதென்றும் அப்பதிவுகள் கூறுகின்றன. உலகில் எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய மந்திரக் குற்ற வழக்குகளுள் இதுவும் ஒன்றாகும்.

2012ஆம் ஆண்டில் அம்மன்னனின் உடலைக் கதிர்ப்படக் கருவிகளால் ஆராய்ந்தோர், அவனது தொண்டை ஆழமாக அறுக்கப்பட்டிருந்தமையை வெளிப்படுத்தினர். நீதிமன்றம் மெழுகுப் பாவையைக் கண்டது. உடலோ கத்தியின் தடத்தையே மூவாயிரம் ஆண்டுகளாகத் தாங்கி நின்றது.

இதே மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டிலேயே, அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர் தமக்குரிய தானியப்படி காலந்தாழ்த்தப்பட்டமையால் வேலையை நிறுத்திக் கோயில்களின் அருகே சென்று அமர்ந்தனர். எழுத்திற் பதிவாகியுள்ள முதல் வேலைநிறுத்தம் இதுவென வரலாற்றாசிரியர் கூறுவர். கல்லறையின் சாபம் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த கதைகளுக்குக் கணக்கில்லை. கல்லறையை வெட்டியவனின் பசி பற்றி அக்கதைகள் பேசுவதில்லை. தெரிவு என்பது எப்பொழுதும் கருத்துநிலை சார்ந்தது என நாம் கூறும்போது இதனையே கருதுகின்றோம்.

4

கிளார்க்கின் நாவல் இம்மரபை நன்கறிந்து, அதனைத் திட்டமிட்டே புரட்டிப் போடுகின்றது. கதை நிகழும் காலம் 1912, இடம் கெய்ரோ. ஆயின் இது நாமறிந்த கெய்ரோ அன்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அல்-ஜாஹிஸ் என்னுஞ் சூடானிய ஞானி மற்றோர் உலகின் வாயிலைத் திறந்து மறைந்துவிட்டார். அவ்வழியே ஜின்கள் இவ்வுலகிற் புகுந்தன. அவற்றின் துணையோடு எகிப்து பிரித்தானியரை வெளியேற்றி உலக வல்லரசுகளுள் ஒன்றாக உயர்ந்தது. ஞானியின் பெயரும் எழுந்தமானமாக இடப்பட்டதன்று. ஒன்பதாம் நூற்றாண்டிற் பஸ்றா நகரில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ், அறபு உரைநடையின் பெருமேதைகளுள் ஒருவர். கருநிற மக்களின் சிறப்பைப் பற்றித் தனி நூல் எழுதியவர். அவ்வரலாற்று நினைவை ஆசிரியர் தமது கதையிற் பொதிந்து வைத்துள்ளார்.

கீஸாவில் உள்ள மாளிகையொன்றில், 'ஆங்கிலப் பாஷா' எனப்பட்ட லோட் வேர்திங்டன் என்னுஞ் செல்வர் நிறுவிய இரகசியச் சகோதரத்துவக் கழகம் கூடுகின்றது. அல்-ஜாஹிசின் ஞானத்தைத் தேடுவதே தமது பணியென அவர்கள் கூறிக்கொள்கின்றனர். அங்கு பொன்முகமூடி அணிந்த ஒருவன் தோன்றித் தானே மீண்டுவந்த அல்-ஜாஹிஸ் என்கின்றான். கூடியிருந்தோர் எரிந்து சாகின்றனர். உடலை எரித்த தீ உடையைத் தீண்டவில்லை. மந்திரம், இரசவாதம், இயற்கையிகந்த உயிரிகள் ஆகியவற்றுக்கென நிறுவப்பட்ட அமைச்சின் துப்பறியும் அலுவலரான பாத்திமா அல்-ஷராவி விசாரணையை மேற்கொள்கின்றாள்.

இப்பாத்திமா மேல் எகிப்தின் கிராமமொன்றிலிருந்து வந்தவள். ஆங்கில ஆடவர் உடையை விரும்பி அணிபவள். கெய்ரோவிற் கீழைத்தேயப் பொருட்களை விநோதமாகக் கண்டு வாங்கிச் சென்ற ஆங்கிலப் பயணியின் இடத்தில், ஆங்கில உடையை விநோதமாகக் கண்டு அணியும் எகிப்தியப் பெண் நிற்கின்றாள். அவளது பெயரும் எகிப்தியப் பெண்கள் இயக்கத்தின் முன்னோடியும் 1923இல் எகிப்தியப் பெண்ணிய ஒன்றியத்தை நிறுவியவருமான ஹுதா ஷராவியை நினைவூட்டுவது. ஹிஜாப் அணிந்த ஹாதியா அவளுடைய புதிய துணையலுவலர். பழைய தெய்வமாகிய ஹாதோரின் வழிபாட்டாளளான சித்தி அவளுடைய காதலி. இம்மூவரும் ஒருவரையொருவர் திருத்தியும் தாங்கியுஞ் செல்லும் பகுதிகளே நாவலில் உயிர்த்துடிப்பு மிக்கவை. முதலில் ஹாதியாவைச் சுமையாகக் கருதும் பாத்திமா, தன் எண்ணம் தவறென உணரும் முறையில் செயற்கை சிறிதுமில்லை.

பண்டைய எகிப்திய மந்திரத்தை ஆசிரியர் கையாளும் விதம் எமது தனிக் கவனத்துக்குரியது. ஜின்களின் வருகைக்குப்பின் ஹாதோர், செக்மெத், சோபெக் முதலிய பழைய தெய்வங்களின் வழிபாடு மறைவாக மீண்டெழுகின்றது. முஸ்லிம்களும் கொப்திக் கிறித்தவரும் அவ்வழிபாட்டாளரை ஐயத்தோடு நோக்குகின்றனர். 'த பீற்றி'லில் ஐசிஸ் வழிபாட்டாளர் பலியிடும் கொடியவராய் இருந்தனர்; இங்கோ பழைய தெய்வத்தை வழிபடுவோர் அஞ்சி வாழும் சிறுபான்மையினர். கொலை நிகழ்ந்தவுடன் வாசகனின் ஐயம் பழைய மந்திரத்தின் பக்கமே சாய்கின்றது. அச்சாய்வு நூறாண்டுக் கால வாசிப்புப் பழக்கத்தின் விளைவு. ஆசிரியர் அப்பழக்கத்தைத் தூண்டிவிட்டுப் பின்னர் அதனைப் பொய்யாக்குகின்றார்.

குற்றவாளி யார்? நாவலை இனி வாசிக்க எண்ணியோர் பொறுத்தருள்வாராக; இதனைக் கூறாது திறனாய்வு இயலாது. பொன்முகமூடிக்குப் பின்னே இருப்பது ஞானியுமன்று, எகிப்தியனுமன்று. வேர்திங்டனின் மகளாகிய அபிகேயில். சுலைமான் நபியின் முத்திரையைக் கைக்கொண்டு ஜின்களை அடிமைகளாக்கி, இழந்த பிரித்தானிய மேலாதிக்கத்தை மீட்பதே அவளது திட்டம். ஏகாதிபத்தியத்தின் வாரிசு, விடுதலை தந்த கறுப்பு ஞானியின் முகமூடியை அணிந்துகொண்டு கெய்ரோவின் ஏழைகளிடம் பேசுகின்றாள். கீழைத்தேய இரகசியங்களின் மீது மேலைத்தேயத்தார் கொண்ட காதல் எத்தகைய உடைமை வேட்கை என்பதை இதனினும் சுருக்கமாக ஒரு மர்ம நாவலிற் கூறிவிட முடியாது. 1888இல் இலண்டனில் ஐசிஸின் பெயரால் வழிபாட்டுக்கூடம் நிறுவிய 'பொன் விடியல்' கழகத்தை அறிந்தோர், வேர்திங்டனின் கழகம் எந்த மண்ணில் முளைத்ததென்பதை எளிதில் உணர்வர்.

5

இவ்வளவும் நாவலின் பலம். இனி அதன் எல்லைகளை நோக்குவோம்.

முதலாவது எல்லை துப்பறியும் வடிவம் சார்ந்தது. பொன்முகமூடிக்காரன் கெய்ரோவின் பழைய இடுகாட்டுப் பகுதியிலே திரளும் வறியோரிடையே பேசுகின்றான். புதிய செல்வமும் புதிய பொறிகளும் உயர்ந்தோரையே சேர்ந்தன என்றும், உழைப்போர் பின்தள்ளப்பட்டனர் என்றும் அவன் கூறுவதை மக்கள் செவிமடுக்கின்றனர். அவர்களது மனக்குறை பொய்யன்று. விடுதலை பெற்ற நாட்டிலே ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை என்பதை நாவல் நேர்மையோடு காட்டுகின்றது. கருநிறத்தார் மீது கெய்ரோவாசிகளிற் சிலர் காட்டும் இழிவையும் அது மறைப்பதில்லை. ஆயின், முகமூடி கழற்றப்பட்டதும் நடப்பதென்ன? பேசியவள் வஞ்சகி என நிறுவப்படுகின்றது. அவள் பேசிய பொருளும் அவளோடு சேர்ந்து அரங்கிலிருந்து அகன்றுவிடுகின்றது. துப்பறியும் நாவலின் நியதிப்படி குற்றவாளி இனங்காணப்பட்டால் நகரம் பழைய நிலைக்குத் திரும்புதல் வேண்டும். ஆனால், அப்பழைய நிலையிலேதான் இடுகாட்டுப் பகுதியின் வறுமை இருந்தது. 1897இல் ஏழைவிடுதிக் கதவைத் தட்டிய றொபேட் ஹோல்டுக்கு நேர்ந்தது, வேறு வகையில், 2021இன் கெய்ரோ ஏழைகளுக்கும் நேர்கின்றது. மார்ஷ் அவ்வறுமையை எகிப்தின் மீது ஏற்றினார். கிளார்க் அதனை ஏகாதிபத்தியச் சதிகாரியின் பேச்சாக்கிவிட்டார். பின்னவரின் அரசியல் எத்தனையோ மடங்கு மேலானது. எனினும் வடிவத்தின் விதி இருவரையும் ஒரே இடத்திற்கு இட்டுச் செல்கின்றது.

மக்களின் நியாயமான சீற்றத்தை மாற்றார் பயன்படுத்திக்கொள்வது வரலாற்றில் நிகழாததா என ஒருவர் வினவலாம். நிகழ்ந்ததுண்டு, நாவல் அதனைச் சுட்டுவதும் பொருத்தமே. ஆயின் சீற்றத்தைத் தவறாக வழிநடத்தியவரைக் காட்டும் கலைஞன், அச்சீற்றத்துக்கு உரிய வழி யாதென்பதையாவது வினாவாக விட்டுச் செல்லுதல் வேண்டும். சமாதான மாநாட்டு மண்டபத்தையும் மன்னனையும் காப்பாற்றும் பரபரப்பில் நாவல் அவ்வினாவை மறந்துவிடுகின்றது.

இரண்டாவது எல்லை இதனினும் ஆழமானது. நாவலின் கெய்ரோ எவ்வாறு விடுதலை பெற்றது? ஜின்களின் துணையால். வரலாற்றிலே 1881-82இல் எகிப்தை உலுக்கிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அஹ்மத் ஒராபி என்னும் படைத்தளபதி. அவர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். துருக்கிய-செர்க்கேசிய உயர்குடியினரே ஆதிக்கஞ் செலுத்திய படையில் எகிப்திய உழவன் மகன் உயர முடியாதிருந்த நிலையை எதிர்த்தே அவரது போராட்டந் தொடங்கிற்று. 'எகிப்து எகிப்தியருக்கே' என்பது அவ்வியக்கத்தின் முழக்கமாயிற்று. படைவீரரும், கிராமத் தலைவரும், அல்-அஸ்ஹர் அறிஞருட் சிலரும், வரிச்சுமையால் நலிந்த உழவரும் அதனைச் சூழ்ந்து நின்றனர். டெல் எல் கெபீரின் மணலில் வீழ்ந்தோர் இவர்களே.

கிளார்க் அத்தோல்வியை வெற்றியாக மாற்றி எழுத விரும்பினார். ஒடுக்கப்பட்ட மக்களின் வழிவந்த ஒரு கலைஞனுக்கு அவ்விருப்பம் எழுவது இயல்பு. அதனை நாம் மதிக்கின்றோம். வென்றோர் எழுதிய வரலாறே ஒரேயொரு வரலாறன்று என்பதை இளம் வாசகருக்கு உணர்த்துவதில் இத்தகைய மாற்று வரலாறுகளுக்குப் பங்குண்டு. ஆனால் வெற்றியை ஜின்களிடம் ஒப்படைத்தவுடன் உழவர் வரலாற்றிலிருந்து இரண்டாம் முறையும் வெளியேற்றப்படுகின்றனர். முதன்முறை பிரித்தானியப் பீரங்கி அவர்களை வெளியேற்றிற்று. இம்முறை வெளியேற்றியது அவர்கள் மீது அன்பு கொண்ட எழுத்தாளரின் கற்பனை. 'கீழைத்தேயத்தார் மந்திரத்தால் ஆள்வோர், மேலைத்தேயத்தார் பகுத்தறிவால் ஆள்வோர்' என்னும் பழைய கீழைத்தேயவாதப் பாகுபாட்டை நாவல் மதிப்பளவில் தலைகீழாக்குகின்றது, அப்பாகுபாட்டைத் தகர்ப்பதில்லை.

இக்கூற்றுக்கு ஒரு மறுப்பு உண்டு. ஜின்கள் உருவகம் எனவும், ஒடுக்கப்பட்ட மக்களிடம் உறங்கிக் கிடக்கும் ஆற்றலையே அவை குறிக்கின்றன எனவும் சிலர் வாதிடுவர். நாவலின் இறுதிப்பகுதி இவ்வாதத்துக்கு ஓரளவு இடந்தருகின்றது. முத்திரையால் அடிமையாக்கப்படும் ஜின்களின் அவலமும், அவற்றின் விடுதலையும் அடிமை முறையின் நினைவின்றி எழுதப்பட்டிருக்க முடியாது. வரலாற்றுப் பேராசிரியரான கிளார்க் அந்நினைவை நன்கறிந்தவர். தமக்கு நேர்ந்த அடிமைநிலையைப் பற்றிப் பேசவும் இயலாதவாறு ஜின்கள் நாக்கட்டப்பட்டுள்ளன என அவர் அமைத்திருப்பது நாவலின் மிகச் சிறந்த கற்பனை. இப்பகுதியில் மாயப்புனைவு நடைமுறை வாழ்விலிருந்து தப்பியோடவில்லை. நடப்பியல் நாவலுக்கு எளிதிற் கைவராத ஓர் உண்மையை அது தொடுகின்றது. ஆகவே, மாயம் என்பதனாலேயே ஒரு படைப்பை ஒதுக்கும் எமது பழைய தீர்ப்பு திருத்தப்படல் வேண்டும். மந்திரம் நாவலில் இருக்கின்றதா என்பதன்று வினா. மந்திரம் மனிதரின் செயலை வெளிக்கொணர்கின்றதா, அதற்குப் பதிலாக வந்து நிற்கின்றதா என்பதே வினா. அடிமைப்பட்ட ஜின்களைக் காட்டுமிடத்து அது வெளிக்கொணர்கின்றது. எகிப்தின் விடுதலையைக் காட்டுமிடத்து அது பதிலியாகிவிடுகின்றது.

6

இவ்வினா எமக்குத் தொலைதூர எகிப்தைப் பற்றியது மட்டுமன்று. டெல் எல் கெபீரில் தோற்ற ஒராபி பாஷாவும் அவருடைய தோழர் அறுவரும் நாடு கடத்தப்பட்டு 1883ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் கொழும்பில் வந்திறங்கினர். பதினெட்டு ஆண்டுகள் அவர் இலங்கையில் வாழ்ந்தார். கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் அவரது பெயரால் நினைவு நிலையமாயிற்று. கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு வித்தான பாடசாலை 1892இல் தோன்றியபோது, அம்முயற்சிக்கு ஆதரவளித்தோருள் அவரும் ஒருவர். அப்பாடசாலையின் உயிர்நாடியாக விளங்கிய எம். சி. சித்திலெவ்வை, 1882இலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை எழுதியவர். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமெனக் கொள்ளப்படும் அந்நூலின் கதைத்தலைவன் கெய்ரோவிற் பிறந்தவன் என்பதை இவ்விடத்தில் நினைவுகூராதிருத்தல் இயலாது. குழந்தைப் பருவத்திற் கவர்ந்து செல்லப்பட்டுப் பம்பாயில் வளரும் அசன், பல இடுக்கண்களைக் கடந்து தன் பிறப்பின் மர்மத்தை அறிந்து எகிப்திலுள்ள பெற்றோரை அடைகின்றான்.

ஒடுக்கப்பட்ட எகிப்தைக் கற்பனையில் மீட்கும் ஆவல் 2021இற் புதிதாக எழுந்ததன்று. தோற்ற தளபதி கொழும்பில் வாழ்ந்த காலத்திலேயே, அவரையறிந்த ஓர் இலங்கையர் தமிழிலே கெய்ரோவைத் தம் கதையுலகின் தாயகமாக்கினார். அசன்பேயின் கதையிலும் வியப்புகளும் தற்செயல்களும் நிறைந்துள்ளன. பழைய வீரசாகசக் கதைகளின் சாயல் அதில் மிகுதி. ஆயினும் அசனைக் காப்பாற்றுவது முத்திரையுமன்று, ஜின்னுமன்று. அவனது கல்வியும், நேர்மையும், அந்நியரின் நட்புமாகும். கல்வியால் ஒரு சமூகத்தை எழுப்பலாம் என்னும் நம்பிக்கையே சித்திலெவ்வையைப் பாடசாலை நிறுவவும் நாவல் எழுதவும் தூண்டிற்று. அந்நம்பிக்கைக்கும் வர்க்க எல்லைகள் இருந்தன. செல்வக் குடியிற் பிறந்தவனே அங்கும் கதைத்தலைவன். உழவன் அங்கும் இல்லை. எனினும் மனிதன் தன் முயற்சியால் நிலைமையை மாற்றலாம் என்பதை அந்நாவல் விட்டுக்கொடுக்கவில்லை.

கலைத்திறனில் இரு நூல்களையும் ஒப்பிடுதல் பொருந்தாது. நூற்று முப்பத்தாறு ஆண்டுகளில் நாவல் என்னும் வடிவம் வெகுதூரம் வந்துவிட்டது. கிளார்க்கின் நகரச் சித்திரிப்பும், பெண் பாத்திரங்களின் தற்சார்பும், நிறவெறி பற்றிய கூர்மையும் சித்திலெவ்வையின் காலத்துக்கு எட்டாதவை. 'எ மாஸ்டர் ஒஃப் ஜின்' வாசிக்கப்படவேண்டிய நாவல் என்பதில் எமக்கு ஐயமில்லை. 'த பீற்றில்' முதலான நாவல்கள் எகிப்தின் மீது சுமத்திய பழியை அது துணிந்து நீக்கியுள்ளது. குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் யாரென்பதைச் சரியாக இனங்கண்டுள்ளது. துப்பறிவோனின் வேலையை அது செவ்வனே செய்துள்ளது என்பதை ஐயமின்றிக் கூறலாம். ஆனால் துப்பறிவோனின் வேலை முடியுமிடத்திலேதான் வரலாற்றாசிரியனின் வேலையும் புரட்சிகரக் கலைஞனின் வேலையுந் தொடங்குகின்றன.

ஒராபி பாஷா 1901இல் எகிப்துக்குத் திரும்பினார். தாம் எதிர்த்த அந்நியப் படை அங்கேயே நிலைகொண்டிருக்கக் கண்டு 1911இல் மறைந்தார். நாவலின் கதை நிகழ்வது அதற்கு மறு ஆண்டில். மெய்யான 1912இல் கெய்ரோவின் அதிகாரம் கிச்சினரின் கையில் இருந்தது. அவரை வெளியேற்ற எந்த வாயிலும் திறக்கவில்லை, எந்த ஜின்னும் வரவில்லை. 1919இல் மாணவரும் தொழிலாளரும் உழவரும் பெண்களும் வீதிக்கு வந்தனர். 1953இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 1956இல் கால்வாய் தேசியமயமாக்கப்பட்டது. அவ்வெற்றிகள் குறைபாடுடையன, அவற்றுட் சில பின்னர் பறிபோயின. எனினும் அவை மனிதரின் கைகளால் ஆனவை. கல்லறை வெட்டிய தொழிலாளர் வேலையை நிறுத்தி அமர்ந்த நாள்முதலாக எகிப்துக்கு வேறொரு மரபு உண்டு. அம்மரபையும் தன்னுட் கொண்ட மாயப்புனைவு எழுதப்படுமாயின், ஜின்கள் அதில் இருப்பதற்கு எமக்கு எவ்வித தடையுமில்லை.